வெண்கண்டலுக்கு யார் சொந்தம்?

எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றிலிருந்து பென்சில் முனைபோல் மூச்சுவேர்களை நீட்டி நிற்கும் மரத்தை வடசென்னை மாணவர் பலரும் பார்த்திருப்போம். வெண்கண்டல் அது, அவிசென்னியா மரினா என்பது அறிவியல் பெயர். அதற்கு யார் சொந்தம் என்று கேட்டால், பிச்சாவரத்தில் தாங்குவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையைக் காட்டத் தோன்றும். இரண்டும் உப்புநீரில் வாழ்பவை அல்லவா?

ஆனால் அண்டை வீட்டார் எல்லாரும் உறவினர் ஆகிவிடுவதில்லை. சுரபுன்னை, ஆமணக்கு அடங்கிய துறையைச் சேர்ந்தது. வெண்கண்டலோ, பூக்கடையில் முழம் போட்டு விற்கும் கனகாம்பரத்தின் குடும்பம்! ஆடாதோடையும் நிலவேம்பும் அதே அக்காந்தேசிக் குடும்பத்தாரே. ஒரே சேறு இரு வேறு வழித்தோன்றல்களுக்கு ஒத்த வாழ்க்கையைக் கற்றுத்தந்திருக்கிறது.

நாம் தேர்வுக்குப் பெரிதும் படிக்கும் பெந்தாம்–ஹூக்கர் வகைப்பாடு 1862 முதல் 1883 வரை வெளிவந்தது. அதில் வெண்கண்டல், தேக்கு, நொச்சி, உண்ணிச்செடி எல்லாம் வெர்பினேசி என்னும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்று தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்துக்குப் போய்விட்டன. டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வு, வெண்கண்டலை அக்காந்தேசியோடு சேர்த்தது. உண்ணிச்செடி மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கிறது.

"பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் படிப்பது எப்படி?" என்று நண்பர்கள் சலித்துக்கொள்கின்றனர். பழையதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு செடியை இனங்காண அது இன்றும் நல்ல துணை. நம் நாட்டு உலர்தாவரகங்கள் பலவும் அந்த முறையில்தான் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இனங்காண்பது வேறு, உறவறிவது வேறு. 1998இல் தொடங்கி 2016இல் நான்காம் பதிப்பைக் கண்ட ஏ.பி.ஜி. வகைப்பாட்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்க வேண்டும். பண்புகளை ஒப்பிக்கச் சொல்லும் வினாத்தாள், 'ஏன் இடம் மாறியது?' என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் விடுபட்டதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. என் போன்றோர்க்குப் பாடத்திட்டமே ஜன்னல்; அது பாதி திறந்திருந்தால் பாதி உலகம்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கண்டல்களில் படிந்ததை நாடே பார்த்தது. கனகாம்பரத்தின் பெருங்குடும்பத்தில் கடல்நீரில் மரமாக நின்று வாழக் கற்ற கிளை இது. இந்த உறவை அறிந்தவனுக்கு அது வெறும் சேற்றுப் புதர் அன்று. நண்பர்களே, அடுத்த தாவரச் சுற்றுலாவுக்கு உதகைக்குப் போகுமுன் எண்ணூருக்குப் போவோம்!