நீ எந்தக் கன்னை?

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்து வீதிகளுக்கு ஒரு புதிய களை வந்துவிடுகின்றது. கல்லூரிக் கொடிகளைத் தாங்கிய வாகனங்கள் ஓடுகின்றன, வாத்தியங்கள் முழங்குகின்றன, வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகளும் தொண்டை கட்டும்வரை கூவுகின்றனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடக்கம் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டிக்கு நம்மவர் இட்ட பெயர் ‘வடக்கின் பெருஞ்சமர்’. இந்துக் கல்லூரிகளுக்கும் அவ்வாறே ஒரு சமர் உண்டு. மெய்யான சமரைக் கண்டு களைத்த மண்ணிலே விளையாட்டுக்கும் சமர் என்று பெயரிட்டு மகிழ்கின்றோமே, இஃது என்ன விந்தை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் ஆட்டம் முடிந்தபின், வென்ற கல்லூரிப் பிள்ளையும் தோற்ற கல்லூரிப் பிள்ளையும் ஒரே கடை வாயிலில் நின்று ஐஸ்கிரீம் உண்பதைக் காணும்போது அப்பெயரைக் குறித்த அச்சம் நீங்கிவிடுகின்றது.

நிற்க. சென்ற தவணையில் ஒருநாள் வரலாற்றுப் பாடம் முடியும் தறுவாயில் மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், இலங்கையும் இந்தியாவும் விளையாடினால் நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் ஓர் அமைதி நிலவிற்று. அந்த அமைதியின் பொருளை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் தீவிலே இக்கேள்வி விளையாட்டைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. கேட்பவன் யார், கேட்கப்படுபவன் யார் என்பதைப் பொறுத்து அதன் கூர்மையும் மாறும்.

“நன்றாக ஆடும் பக்கம்” என்று கூறித் தப்பியிருக்கலாம். அது பண்டிதர் விடையாகுமேயன்றி இரசிகன் விடையாகாது. பக்கம் இல்லாதவனுக்கு ஆட்டத்திற் சுவையும் இல்லை. ஆகவே, “இலங்கைப் பக்கம்” என்று உள்ளதைச் சொன்னேன். சிலர் கைதட்டினர், சிலர் தட்டவில்லை. தட்டியவர் யார், தட்டாதவர் யார் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. இரு சாராருக்கும் அன்று ஒரே வீட்டுவேலைதான் கொடுத்தேன்.

குறித்துக்கொள்ள விரும்பியோரும் உலகில் இருந்திருக்கின்றனர். 1990ஆம் ஆண்டில் பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த நோர்மன் டெபிட் என்னும் அரசியல்வாதி ஒரு சோதனையை எடுத்துரைத்தார். பிற நாடுகளிலிருந்து இங்கிலாந்திற் குடியேறியோர் துடுப்பாட்டத்தின்போது எந்த அணிக்காக ஆரவாரம் செய்கின்றனர், இங்கிலாந்துக்கா அன்றித் தாம் விட்டு வந்த நாட்டுக்கா என்று பார்த்தால் அவர்தம் விசுவாசம் விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. ‘துடுப்பாட்டச் சோதனை’ என்று அது பெயர் பெற்றது. சட்டத்துக்கு அடங்கி, வரி செலுத்தி, அயலவனுக்கு உதவி வாழும் ஒருவனை, அவன் எந்தப் பந்துக்குக் கைதட்டினான் என்று பார்த்து அளப்பது எத்துணைப் பேதைமை! ஒரு பிள்ளை மட்டையை எடுத்த நாளில் மனம் எங்கே சென்று ஒட்டிக்கொண்டதோ அங்கேயே இரசிகனின் அன்பு நிலைத்துவிடுகின்றது. தந்தை நேசித்த அணி, வானொலியிற் கேட்ட குரல், ஒரு வீரனின் நடை, இவைதாம் அதற்குக் காரணம். அரசியலமைப்பை வாசித்துவிட்டு எவனும் அணியைத் தெரிவு செய்வதில்லை.

1996ஆம் ஆண்டு பங்குனி மாதத்தை நினைத்துப் பார்க்கின்றேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. முந்திய ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்திருந்தனர். எங்கள் குடும்பமும் அவர்களுள் ஒன்று. மின்சாரம் இல்லை. வானொலிக்கு வேண்டிய பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக்கொண்டு வானொலி கேட்டோம். சுழற்றும் கை தளர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் தேய்ந்துபோகும். மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா பெற்ற 241 ஓட்டங்களை மூன்று விக்கெட்டுகளை மாத்திரம் இழந்து இலங்கை கடந்தது. மூன்று விக்கெட்டுகளை வீழ்த்திய அரவிந்த டி சில்வா, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் பெற்றார்.

அன்று இரவு அந்த முற்றத்திற் கூடியிருந்தோருள் இளைஞர் சிலர் துள்ளிக் குதித்தனர். முதியவர் ஒருவர் எழுந்து, ஒன்றும் பேசாமல் இருளுக்குள் நடந்து போனார். வீட்டையும் வயலையும் விட்டு வந்தவர் அவர். துள்ளியவர்களை அவர் ஏசவில்லை. அவருடைய மௌனத்தை இளைஞர்களும் கேள்வி கேட்கவில்லை. துள்ளியவன் எந்த அரசாங்கத்துக்கும் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை. நடந்தவர் எந்த வீரனையும் வெறுக்கவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. டெபிட் அவர்கள் அங்கிருந்திருந்தால் தம் சோதனையில் யாருக்கு எத்தனை புள்ளி வழங்கியிருப்பாரோ, அறியேன்.

அந்த அணியில் ஆடிய கண்டித் தமிழ் மகன் முத்தையா முரளிதரனை இங்கே நினைவுகூர்தல் தகும். உலகக் கிண்ணத்துக்கு முன்னர், 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை எறிபந்துகள் என்று ஏழு தடவை அறிவித்தார். 1999 ஜனவரி 23ஆம் நாள் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் என்னும் நடுவரும் அவ்வாறே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை சென்று நின்றுவிட்டார். ஆட்டமே கைநழுவிப் போகக்கூடிய நிலை. தம் பந்துவீச்சாளன் ஒருவனின் மானத்துக்காகச் சிங்களவரான ஒரு தலைவர் அதற்கும் துணிந்தார். அந்த முரளிதரன் 2010 ஜூலை 22ஆம் நாள் காலியில், தம் இறுதி டெஸ்ட் போட்டியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார்.

இதைக் கூறியவுடன், “ஆகவே விளையாட்டு இனங்களை ஒன்றுபடுத்திவிட்டது” என்று பிரசங்கம் செய்யும் நண்பர்கள் உளர். அவர்களோடு நான் உடன்படுவதில்லை. அடிலெய்டுக்குப் பின்னரும் பத்தாண்டுகள், 2009 வரை, போர் நடந்தது. ஓர் அணி ஒருவனைத் தாங்கிப் பிடித்தமை அந்த அணிக்குப் பெருமை, அவ்வளவே. அதைக் காட்டி அரசியலின் கடனைத் தள்ளுபடி செய்தல் ஆகாது.

அடிலெய்ட் நிகழ்ச்சி நடந்து எட்டு நாட்களின் பின், சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் வேறொரு காட்சி. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களால் தோல்வியுற்றது. தம் அணி தோற்ற துயரத்தோடு இருந்த சென்னை மக்கள், எழுந்து நின்று பாகிஸ்தானியருக்குக் கரகோஷம் செய்தனர். வசிம் அக்ரமும் தோழர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த வாழ்த்தை ஏற்றனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1996 மார்ச் 13ஆம் நாள் கல்கத்தாவில் நடந்ததோ வேறு. உலகக் கிண்ண அரையிறுதியில் இலங்கையின் 251 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா எட்டு விக்கெட்டுகளை இழந்து 120 என்னும் நிலையில் நின்றது. கூட்டத்தினர் போத்தல்களை வீசினர். ஆசனங்களுக்குத் தீ மூட்டினர். கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை இலங்கைக்கு வழங்கினார். களத்தில் நின்ற வினோத் காம்ப்ளி கண்ணீரோடு வெளியேறினார்.

இரு கூட்டமும் இந்தியாவை நேசித்த கூட்டங்களே. நேசத்தின் அளவிலே அவை வேறுபடவில்லை. எதிரணியும் மனிதர்களால் ஆனது என்பதை ஒன்று நினைவில் வைத்திருந்தது; மற்றது அந்த மாலையில் மறந்துவிட்டது. சென்னையின் கரகோஷம் அவ்வாண்டு மே மாதத்திற் கார்கிற் போர் மூளுவதைத் தடுக்கவில்லைதான். ஆயினும் அன்று எழுந்து நின்றவர்களின் பிள்ளைகள் ஒரு நல்ல வழக்கத்தைக் கண்ணாற் கண்டார்கள்.

இரசிகனின் மனோபாவம் அரசியலுக்குட் புகுந்தால் என்ன நேரும்? வரலாற்று ஆசிரியன் என்பதால் ஒரு பழங்கதையைச் சொல்ல அனுமதியுங்கள். கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில் தேரோட்டப் பந்தயம் பார்க்கும் மக்கள் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்திருந்தனர். நாளடைவில் அரசியலும் சமயச் சச்சரவும் அந்த நிறங்களைப் பூசிக்கொண்டன. கி.பி. 532 ஜனவரியில் இரு கட்சியினரும் சேர்ந்து சக்கரவர்த்தி யஸ்டினியனுக்கு எதிராகக் கலகம் செய்தனர். பந்தயத்தில் தேரோட்டியை ஊக்குவிக்கக் கூவும் ‘நிக்கா’, அதாவது ‘வெல்க’, என்னும் சொல்லே கலகத்தின் கோஷமாயிற்று. நகரின் பெரும்பகுதி எரிந்தது. சேனை பந்தய அரங்கினுட் புகுந்து வெட்டியதில் ஏறத்தாழ முப்பதாயிரம்பேர் மாண்டனர் என்பர். உற்சாகக் கூச்சலுக்கும் ஓலத்துக்கும் இடையே ஒரு வாரந்தான் இருந்தது.

நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. எனினும் நம் இல்லங்களிலும் நிறம் பூசிய வாக்குகள் உண்டு. பாட்டனார் வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டார். ஆதலால் தகப்பனாரும் வீட்டுக்கே இட்டார். அயல்வீட்டார் பரம்பரையாகச் சைக்கிள். இது இரசிகனின் அன்பேயன்றிக் குடிமகனின் தெரிவன்று. 2024 நவம்பர் 14ஆம் நாள் நடந்த தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குச் சென்றபோது, பரம்பரைக் கோடுகள் அழிந்தனவே என்று சிலர் மகிழ்ந்தனர், சிலர் வருந்தினர். மகிழ்ந்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பழைய நிறத்தைக் கழுவியது சரி, புதிய நிறத்தைப் பூசிக்கொண்டீர்களா? நம் அணி பத்து ஆட்டங்களிலே தோற்றாலும் பதினோராவது ஆட்டத்துக்குக் கொடியோடு போகலாம், எவருக்கும் நட்டமில்லை. ஆனால் பாடசாலைக்கு ஆசிரியரும் வைத்தியசாலைக்கு மருந்தும் கொண்டுவரத் தவறியவரை, ‘நம்மவர்’ என்ற ஒன்றுக்காகவே பதினோராவது தடவையும் அனுப்பினால், தண்டனை அவருக்கன்று, நம் பிள்ளைகளுக்கு.

ஆயினும் இரசிகனிடமிருந்து வாக்காளன் கற்கவேண்டியதும் ஒன்று உண்டு. அது கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்: முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் 800, ஒருநாட் போட்டிகளில் 534 என்று மூச்சுவிடாமற் சொல்வான். அவனுடைய தந்தையாரிடம், நம் பாராளுமன்ற உறுப்பினர் சென்ற தேர்தலின்போது சொன்ன மூன்று விடயங்களைக் கேளுங்கள், கூரையைப் பார்ப்பார். மைதானத்தில் ஓட்டங்களைக் குறிக்க ஒரு பிள்ளை கொப்பியோடு அமர்ந்திருக்கின்றானே, அவனைக் கவனித்ததுண்டா? அவனும் தன் கல்லூரியை நேசிப்பவன்தான். ஆனால் தன் கல்லூரித் தலைவன் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தால் பூச்சியத்தையே எழுதுகின்றான். எதிரணி வீரன் சதம் அடித்தால் சதத்தையே எழுதுகின்றான். மனம் ஒரு பக்கம், பேனா உண்மையின் பக்கம்.

அத்தகைய கொப்பி ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்தால் என்ன? என் மேசையிற் சில ஆண்டுகளாக ஒன்று இருக்கின்றது. இடப்பக்கத்தில், தேர்தற் காலத்திற் சொல்லப்பட்டவை, நாளோடு. வலப்பக்கத்தில், பின்னர் நடந்தவை, நாளோடு. எனக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாருக்கும் தனித்தனிப் பக்கம். வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பது உண்மைதான். அந்த வெறுமையும் ஒரு கணக்கே. வெளிநாட்டிலிருந்து வரும் மைத்துனரோடு முற்றத்தில் அமர்ந்து அரசியல் பேசும்போது, கோபம் மிகுந்தால் கொப்பியை எடுத்து வைக்கின்றேன். குரல்கள் தாமாகவே தணிகின்றன. மாணவர்களே, வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். இவ்வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். தாத்தாவின் நினைவாற்றலும் பயன்படும்.

கிளித்தட்டு விளையாடும் நம் ஊர்ப் பிள்ளைகள் அணி பிரிப்பதைக் ‘கன்னை பிரித்தல்’ என்பர். ஏறத்தாழ ஒரே ஆற்றல் உடைய இருவர் சோடியாகச் சென்று, தமக்கு இரகசியப் பெயர் சூட்டி வந்து, தலைவர்கள் இருவர் முன் நிற்பர். எந்தப் பெயர் எந்தத் தலைவனுக்கு வாய்க்கின்றதோ அப்பிள்ளை அந்தக் கன்னை. இரு பக்கமும் சமமாக இருந்தாலன்றி ஆட்டம் சுவைக்காது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே அறிந்து வைத்திருக்கின்றனர். நேற்று எதிர்த்து ஓடியவன் இன்று தோளோடு தோள் நிற்பான். எவனும் நிரந்தர எதிரியில்லை. எவனும் பிறவியிலேயே ஒரு கன்னைக்கு எழுதிவைக்கப்பட்டவனும் இல்லை.

“நீ எந்தக் கன்னை?” என்று எவராவது உங்களைக் கேட்டால், கேட்பது ஆட்டத்தைப் பற்றியதாயின் உரக்கச் சொல்லுங்கள், கொடியையும் பிடியுங்கள். நாட்டைப் பற்றியதாயின், “கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்கின்றேன்” என்று கூறுங்கள்.