சொல் இருக்கிறது, மெட்டு எங்கே?

சென்ற ஆண்டு சிரம்பானில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் டபுள் பாஸ் வாசித்தேன். பியானோவுக்கு ஒரு நண்பர். முதலில் கேப்ரியல் ஃபோரேயின் 'ஆப்ரே அன் ரேவ்'. அடுத்து, பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் தாலாட்டு. முதலாவதற்குக் கைதட்டினார்கள். இரண்டாவது முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, நானும் தோட்டத்துக்காரன்தான். வெள்ளைக்காரன் பாட்டை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க. நம்ம பாட்டைக் கெடுக்காதீங்க" என்றார். பாதி அரங்கம் தலையாட்டியது. அன்று எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

டபுள் பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் வயலின் மாதிரி. பல்கலைக்கழக ஆர்க்கெஸ்ட்ராவில் அதைத் தூக்க யாரும் முன்வராததால், இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் தலையில் கட்டினார்கள். தனியாக வாசிக்க அதற்கென்று எழுதியவை குறைவு. அதனால் பாஸ் வாசிப்பவர்கள் பாடகர்களிடம் கடன் வாங்குவார்கள். ஃபோரே 1870களில் குரலுக்கு எழுதிய அந்தப் பாட்டை பாப்லோ கசால்ஸ் செல்லோவுக்கு மாற்றினார். நாங்களும் அதே வழியில் போகிறோம்.

அப்படி மாற்றும்போது முதலில் போவது சொல். ரோமேன் புசீன் ஓர் இத்தாலியப் பாட்டைத் தழுவி எழுதிய பிரெஞ்சு வரிகள் மொத்தமும் போய்விடும். பிறகுதான் வேலையே. ஒரே சுரத்தில் மூன்று அசை வந்தால் வில்லை மூன்று தடவை இழுப்பதா, ஒன்றாக நீட்டுவதா? பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் வில்லைத் திருப்பலாமா? பாஸ், தாளில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பியானோவின் இடது கையும் அங்கேயே கிடந்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அதனால் மெட்டை மேல் கம்பிக்கு ஏற்ற வேண்டும், பியானோவை ஒதுங்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பாட்டு நிற்கிறது. ஏனென்றால் மெட்டு தாளில் இருக்கிறது.

நம் கதை தலைகீழ். முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் நான் புரட்டிய தொகுப்புகளில் சொல்தான் இருக்கிறது. எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்த எழுத்து எவ்வளவு நீளும் என்று எதுவும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனங்கள் தாமான்களுக்குப் போனார்கள், பாடினவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். புத்தகத்தில் சொல் பத்திரமாக இருப்பதைப் பார்த்து பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். கலை இரவுகளில் அதே சொற்களை கீபோர்டில் ஏற்கனவே ஏற்றி வைத்த ஒரு தாளத்தின்மேல் அடுக்கி, கையில் பால் வாளியோடு ஆட விடுகிறோம். அப்போது யாரும் "கெடுக்காதீங்க" என்று எழுந்ததை நான் பார்த்ததில்லை.

வாத்தியம் வெள்ளைக்காரனுடையது என்பதுதான் குற்றம் என்றால், பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்து இருநூறு வருடம் ஆகிறது. அதை இன்னும் ஒருமுறை விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

கேட்பது எப்படி என்று காட்ட ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட வேண்டியிருப்பதுதான் வெட்கம். ரவெலின் மாணவர் மோரிஸ் டெலாஜ் 1912இல் இந்தியா போனார். அவர் எழுதிய நான்கு இந்தியப் பாடல்களில் ஒன்றின் பெயரே 'மெட்ராஸ்'. அதைவிட எனக்கு முக்கியம் 'ராகமாலிகா' என்ற பியானோத் துண்டு. கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு, அந்தப் பாட்டைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். தாள வாத்திய ஒலிக்காக ஒரு சுரத்தின் கம்பிகளுக்கு அடியில் அட்டை வைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் நம்மை வேடிக்கை பார்க்க வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தாயியின் தட்டை எத்தனை தடவை திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தால் அந்த அட்டை வரை போயிருப்பார்! நம் பாட்டிகளுக்காக நாம் அட்டை வெட்டியிருக்கிறோமா?

நான் பாட்டியின் தாலாட்டைப் போனில் பதிவு செய்து, நாற்பது தடவையாவது கேட்டேன். அவர் பிடிக்கும் காந்தாரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது. அந்தச் சுரம் பியானோவில் கிடையாது. அதனால் பியானோவுக்குக் காந்தாரமே தரவில்லை, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரத்தைப் பாஸ் விரலை வழுக்கிப் பிடிக்கும். மாமன் கொண்டுவரும் சீர் கூடக்கூட அடி நீண்டுகொண்டே போகும். ஆகவே தாளக்கோடும் போடவில்லை.

வாசித்துக் காட்டியபோது பாட்டி சிரித்தார். "என்ன சாமி, மாடு கத்துற மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "கடைசில அப்படி வெட்டி நிறுத்தாத. அங்க புள்ள முழிச்சிக்கும்" என்றார். முழிச்சிக்கும்! எந்தத் தொகுப்பிலும் இந்தக் குறிப்பை நான் படித்ததில்லை. வில்லை மாற்றாமல் அந்தக் கடைசிச் சுரத்தை மெதுவாகத் தேய விட்டேன். சிரம்பானில் நீங்கள் கேட்டது அந்தத் திருத்தம் செய்த பிறகுதான், ஐயா.

என் ஏற்பாடு மோசமாகவே இருக்கலாம். திட்டுங்கள், மாற்றுகிறேன். ஆனால் நீங்களும் தோட்டத்துக்காரர் என்றீர்கள். உங்க அம்மா பாடின மெட்டு ஏதாவது ஞாபகம் இருந்தால் பாடுங்கள். பாஸ் எடுத்து வரமாட்டேன். போன் மட்டும் கொண்டு வருகிறேன்.