ஆசிரியையின் ஊதியமும் இலவசக் கல்வியின் எதிர்காலமும்

இலங்கையின் அரச பாடசாலைகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் பணியாற்றுகின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 70 இற்கும் மேற்பட்டோர் பெண்களாவர். ஆகவே ஆசிரியர் சம்பளப் பிரச்சினை என்பது, பெண்களின் உழைப்பை இந்நாடு எவ்வாறு மதிக்கின்றது என்ற பிரச்சினையுமாகும். பேச்சுவார்த்தை மேசைகளில் இவ்வுண்மை பேசப்படுவது அரிது.

1997ஆம் ஆண்டு முதல் தொடரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி, 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். நூறு நாட்களுக்கும் மேலாக நீடித்த அப்போராட்டத்தின் விளைவாக, கோரிய உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரி முதல் வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, அந்த உயர்வு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எஞ்சிய இரு பங்கைக் கோரி 2024 ஜூனில் ஆசிரியர்கள் மீண்டும் வீதிக்கு இறங்க நேர்ந்தது.

ஆசிரியருக்குத்தான் மாலைநேர வகுப்பு வருமானம் உண்டே என்று வாதிடுவோர் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரப் பலகைகளைக் காண்போருக்கு இவ்வாதம் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்த மாலைப்பொழுது யாருக்கு வாய்க்கின்றது? பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை முடிந்து நெரிசல்மிக்க பஸ்ஸில் வீடு திரும்பும் ஆசிரியைக்குச் சமையலும், பிள்ளைகளின் படிப்பும், முதியோர் பராமரிப்பும் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னரே மாணவரின் கொப்பிகளைத் திருத்த அவர் அமர்கின்றார். சக ஆசிரியர் மேலதிக வருமானம் தேடும் நேரத்தில் அவர் ஊதியமற்ற இரண்டாவது வேலையைச் செய்கின்றார். பாடசாலை நேரத்தை 2 மணி வரை நீடிக்கும் யோசனை 2025இல் முன்வைக்கப்பட்டபோது, அந்த அரை மணித்தியாலம் ஓர் ஆசிரியையின் வீட்டில் எதை இடம்பெயர்க்கும் என்பதைக் கருதியோர் சிலரே.

இதன் பாதிப்பு ஆசிரியையோடு நின்றுவிடுவதில்லை. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த இயலாத கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மகளுக்கு, காலைநேர வகுப்பறையே ஒரே வாய்ப்பாகும். அவ்வகுப்பறையைத் தாங்கி நிற்பவர் பெரும்பாலும் ஆசிரியையே. வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம் முதல் பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி வரை, தமிழ், முஸ்லிம் பெண்பிள்ளைகள் உயர்தரம் வரை கற்பதற்கு ஆசிரியைகளின் இருப்பு பெருந்துணையாக விளங்கி வந்துள்ளது. பெற்றோரின் தயக்கத்தைப் போக்கியதும், பெண் கற்றால் என்னவாகலாம் என்பதற்கு மாணவிகளின் கண்முன் முதற் சான்றாக நின்றதும் அவர்களே. தகுதிவாய்ந்த இளம் பெண்கள் இத்தொழிலைத் தவிர்க்கத் தொடங்கினால், ஏற்கெனவே தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு நிலவும் தட்டுப்பாடு மேலும் கடுமையாகும்.

2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, மூன்று கட்டங்களில் உயர்த்த முன்வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் பொதுவான உயர்வு, ஆசிரியர் சேவைக்கென உள்ள முரண்பாட்டைத் தீர்த்துவிடாது. எஞ்சிய இரு பங்குக்கும் திட்டவட்டமான கால அட்டவணை வேண்டும். பாடசாலைகளை அண்டிய சிறுவர் பராமரிப்பு நிலையங்களும், குடும்பச் சூழலைக் கருத்திற்கொள்ளும் இடமாற்ற நடைமுறையும் அவசியமானவை. பின்தங்கிய மாணவருக்கான மேலதிக வகுப்புகளைப் பாடசாலையிலேயே உரிய கொடுப்பனவுடன் நடத்தினால், விரும்பும் ஆசிரியைக்கு வருமானமும் ஏழை மாணவருக்குக் கல்வியும் ஒருங்கே கிடைக்கும்.

2024 செப்டெம்பரில் கல்வி அமைச்சைப் பொறுப்பேற்ற பிரதமர் ஹரினி அமரசூரிய, கல்விக்காகப் போராட்டக் களங்களில் நின்றவர் என்பதால் எதிர்பார்ப்பும் அதிகம். 1945இல் கன்னங்கரா காலத்தில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி மாணவருக்கே இலவசமானது. அதன் செலவைச் சுமக்க வேண்டியது அரசே அன்றி, ஆசிரியையின் குடும்பம் அல்ல.