குளிர்காலக் கப்பல் பயணம்: ஆயத்தம் கரையிலேயே முடியட்டும்

தீபாவளி முடிந்த கையோடு கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்குகின்றன. மும்பையிலிருந்து கோவா, கொச்சியிலிருந்து லட்சத்தீவு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று வழிகள் பல. நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு இப்பயணம் பல மாதச் சேமிப்பின் பயன். விளம்பரங்கள் அறையின் அழகைக் காட்டுகின்றன. விருந்து மேசையைக் காட்டுகின்றன. நீச்சல் குளத்தைக் காட்டுகின்றன. கப்பல் செல்லவிருக்கும் கடல் அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பயணத்தின் இன்பத்தையும் துன்பத்தையும் முதலில் தீர்மானிப்பது அந்தக் கடல்தான்.

கடல் குமட்டலுக்கு மாத்திரை இருக்கிறது, அதைப் பையில் போட்டுக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மாத்திரைக்கு உரிய இடம் உண்டு. ஆனால் அது கடைசி இடம். முதலில் நாம் தேர்ந்துகொள்ள வேண்டியவை கடலும் மாதமும். அடுத்தது, கப்பலில் நம் அறை அமையும் இடம். அதற்கடுத்தது உடல்நலமும் பணமும் சார்ந்த ஏற்பாடுகள். இவை அனைத்தும் கரையில் இருக்கும்போதே, பணம் செலுத்துவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குமட்டல் கோழைத்தனம் அன்று

கடலில் வாந்தி எடுப்பவரைக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. ‘மனத்தைத் திடமாக வைத்துக்கொள்’ என்னும் அறிவுரையும் உண்டு. இரண்டுக்கும் அறிவியல் அடிப்படை இல்லை. நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த உறுப்புகளும் உடலின் அசைவை உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. அறைக்குள் இருக்கும்போது கண்களோ, சுவரும் மேசையும் அசையாமல் இருப்பதாகத் தெரிவிக்கின்றன. முரண்பட்ட இவ்விரு செய்திகளையும் மூளையால் பொருத்திப் பார்க்க இயலாதபோது தலைசுற்றல், வியர்வை, குமட்டல், வாந்தி என்று துன்பம் தொடர்கிறது. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக நிகழும் மெதுவான அசைவே மிகுந்த குமட்டலைத் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அலைமேல் செல்லும் கப்பலின் அசைவு பல நேரங்களில் இந்த அளவை ஒட்டியே அமைகிறது.

வீரத்துக்குப் பெயர்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் நெல்சனுக்கும் இத்துன்பம் இருந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின், பயணம் நெடுகிலும் இதனால் வருந்தினார். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள்களில் உடல் பழகிவிடும் என்பது உண்மை. ஆனால் நம்மில் பலர் மேற்கொள்ளும் பயணமே இரண்டு மூன்று நாள்கள்தான். உடல் பழகும்போது இறங்கும் துறைமுகம் வந்துவிடுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்கள், கருவுற்ற பெண்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோருக்கு இத்துன்பம் வரும் வாய்ப்பு மிகுதி. இவர்களில் ஒருவரேனும் குடும்பத்தில் இருந்தால் திட்டத்தை அவரை மனத்தில் வைத்தே வகுக்க வேண்டும்.

எந்தக் கடல், எந்த மாதம்?

குளிர்காலம் என்ற ஒரே சொல் எல்லாக் கடல்களுக்கும் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் வங்கக்கடல் கொந்தளிப்பானது. புயல்கள் உருவாகும் பருவமும் அதுவே. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலில் மூன்று நாள் அளவில் ஆகும். கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலின் இடப்புற முன்பகுதியில் வடகிழக்குக் காற்றின் அலை சாய்வாக மோதுவதால், முன்பின் ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் சேர்ந்தே வருகின்றன.

அதே பருவக்காற்று மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அங்கே அலை வளர்வதற்குப் போதிய தொலைவு கிடைப்பதில்லை. ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பை, கோவா, கொச்சி ஆகியவற்றை ஒட்டிய அரபிக்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். விதிவிலக்கும் உண்டு: 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் வலுப்பெற்ற ஒக்கிப் புயல், டிசம்பர் தொடக்கத்தில் லட்சத்தீவுப் பகுதியைக் கடந்து சென்றது.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பயணங்கள் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேற்கே பினாங்கு, புக்கெட் நோக்கிச் செல்லும் கப்பல், மலேசியத் தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணையில் செல்கிறது. இருபுறமும் நிலம் காத்து நிற்பதால் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். அதே துறைமுகத்திலிருந்து கிழக்கே தென்சீனக் கடலுக்குள் செல்லும் கப்பலுக்கு வடகிழக்குப் பருவக்காற்று நேரெதிரே வருகிறது. புறப்படும் இடம் ஒன்று, மாதமும் ஒன்று, இரண்டு பயணங்களின் அனுபவம் மட்டும் முற்றிலும் வேறு.

இதை அறியக் கடலியல் படித்திருக்க வேண்டியதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் கடல் நிலை முன்னறிவிப்புகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுகின்றன. அலை உயரம் 1.25 மீட்டர் முதல் 2.5 மீட்டர் வரை இருந்தால் மிதமான கடல், 2.5 மீட்டருக்கு மேல் 4 மீட்டர் வரை கொந்தளிப்பு; 4 மீட்டருக்கு மேல் 6 மீட்டர் வரை கடும் கொந்தளிப்பு. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கவனிக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதே கவனத்தைப் புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து இந்த அலை உயரத்துக்கும் தருவோம்.

விலை கூடிய அறையும் அசைவு குறைந்த அறையும்

கப்பலின் ஆட்டத்தை ஏற்றப்பலகையோடு ஒப்பிடலாம். நடுவில் அமர்ந்தவர் சற்றே அசைகிறார். இரு முனைகளிலும் அமர்ந்தவர்கள் ஏறி இறங்குகிறார்கள். கப்பலிலும் முன்முனையும் பின்முனையும் மிகுதியாக ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தில் மேலே போகப்போக வீச்சு பெருகும். ஆகவே, கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்ப்பகுதி என்ற இரண்டும் சந்திக்கும் இடமே அசைவு மிகக் குறைந்த இடம்.

விலைப்பட்டியலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. மேல்தளத்துப் பால்கனி அறைகளுக்கும், முன்முனையிலும் பின்முனையிலும் உள்ள பெரிய அறைகளுக்கும் கட்டணம் கூடுதல். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உள்ள சிறிய ஜன்னல் அறைக்குக் குறைவு. பெற்றோரை மகிழ்விக்க எண்ணிக் கூடுதல் பணம் கொடுத்து உயர்ந்த தளத்தில் அறை எடுக்கும் பிள்ளைகள், அவர்களைக் கப்பலிலேயே மிகுதியாக ஆடும் இடத்தில் தங்க வைத்துவிடக்கூடும். அமைதியான கடலில் இது பொருட்டன்று. கொந்தளிப்பை எதிர்பார்க்கக்கூடிய மாதத்தில், குறைந்த கட்டணத்து நடு அறையே மேலான தேர்வு. மிச்சமாகும் தொகையைக் காப்பீட்டுக்கும் ஒருநாள் கூடுதல் தங்கலுக்கும் ஒதுக்கலாம். ஆனால் கீழ்த்தளத்தில் காற்றோட்டம் இல்லாத இடத்தையும், எண்ணெய் வாடை வீசும் இடத்தையும் தவிர்க்க வேண்டும்; வாடையும் புழுக்கமும் குமட்டலைத் தூண்டுபவை.

‘இக்காலத்துக் கப்பல்கள் பெரியவை, ஸ்டெபிலைசர் கருவி உண்டு, ஆட்டமே தெரியாது’ என்று முகவர்கள் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை. கப்பலின் இரு பக்கங்களிலும் நீருக்குள் நீளும் இறக்கை போன்ற அக்கருவிகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கின்றன. முன்பின் ஆட்டத்தை அவை தடுப்பதில்லை. கப்பல் வேகமாகச் செல்லும்போதுதான் அவை முழுப் பயன் தரும். மேலும், லட்சத்தீவின் பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராமல் சற்றுத் தொலைவில் நிற்கிறது. பயணிகள் சிறு படகுகளுக்கு மாறியே கரை சேர வேண்டும். அலை எழும் நேரத்தில் முழங்கால் வலி உள்ள முதியவருக்கு அந்த ஓரடி மாற்றமே பயணத்தின் கடினமான பகுதி. கப்பலின் அளவு அங்கே துணைக்கு வராது.

மாத்திரையும் மருத்துவரும்

மெக்ளிசைன், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின், ப்ரோமெத்தசின் ஆகியவை பரவலாகப் பயன்படும் மருந்துகள். இவற்றுக்குப் பொதுவான இயல்புகள் இரண்டு. முதலாவது, குமட்டல் தொடங்குவதற்கு முன்பே, ஓரிரண்டு மணி நேரம் முன்னதாக உட்கொண்டால்தான் நற்பயன் கிட்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்குவதே அரிது. இரண்டாவது, தூக்கக் கலக்கம் தரும். மதுவோடு சேர்ந்தால் அது பன்மடங்காகும். கண் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது. ப்ரோமெத்தசினை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரவே கூடாது. கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது நீரிழிவு நோயாளிகளின் நிலை. காலையில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்ட ஒருவர், உண்ட உணவை வாந்தி எடுத்துவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மயக்கத்தைக் கடல் குமட்டல் என்றே உடனிருப்போர் எண்ணிவிடுவர். அத்தகைய நாளில் மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கைப்பையில் இருக்கட்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காதவரைக் கப்பல் மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தயங்கக் கூடாது.

எஞ்சியவை எளிய பழக்கங்கள். வெறும் வயிற்றோடு இருப்பதும் வயிறு புடைக்க உண்பதும் தவறு. இட்லி, ரஸ்க், வாழைப்பழம் போன்றவற்றைச் சிறிது சிறிதாக உண்பது நலம். இஞ்சி சிலருக்கு உதவுகிறது, தீங்கு அரிது. புத்தகத்தையும் கைபேசியையும் ஒதுக்கிவிட்டு, கப்பலின் நடுப்பகுதியில் திறந்த தளத்தில் நின்று அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் செவியும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். இயலாதபோது கண்களை மூடிப் படுத்திருப்பதே நல்லது. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும்.

பணத்துக்கும் ஓர் அரண்

2016ஆம் ஆண்டு டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக வலுப்பெற்ற வானிலைச் சீற்றத்தால் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர்; கடற்படைக் கப்பல்கள் சென்று அவர்களை மீட்டன. உயிர் பிழைத்த நிம்மதிக்குப் பின்னால், தவறிப்போன விமானமும் கூடுதல் நாள்களின் செலவும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்திருக்கும். ஆகவே கப்பல் கரை சேரும் நாளிலேயே ஊர் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ முன்பதிவு செய்யாமல், ஒரு நாளேனும் இடைவெளி விடுவது அறிவுடைமை.

பாதுகாப்புக் கருதி வழியை மாற்றவும், ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கவும் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு என்பதைப் பயணச்சீட்டு விதிகள் பொதுவாகக் கூறுகின்றன. அந்த உரிமை நம் உயிரைக் காப்பது, குறைகூற ஒன்றுமில்லை. எனினும் அத்தகைய மாற்றத்துக்கு எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சீட்டு வாங்குமுன்பே படித்தறிய வேண்டும். பயணக் காப்பீட்டையும் முன்பதிவு செய்யும்போதே எடுத்துவிடுவது நல்லது. புயல் செய்தி வெளியானபின் எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாமல் போகலாம். கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் கப்பல் மருத்துவரின் கட்டணமும் அதில் அடங்குமா என்று கேட்டுத் தெளிக.

நடுக்கடலில் கைபேசி அலைவரிசை இராது. யுபிஐ செயல்படாது, ஓடிபி வராது. வெளிநாட்டுக் கப்பலில் செல்வோர் தம் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைக் கரையிலேயே செயல்படுத்தி, செலவு வரம்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டுக் கப்பலில் செல்வோர் கையில் ஓரளவு ரொக்கம் வைத்திருப்பது நலம்.

கப்பல் பயணம் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. விடியற்காலையில் நடுக்கடலில் சூரியன் எழுவதைக் காண்பது வாழ்நாளில் ஒருமுறையேனும் பெற வேண்டிய பேறு. விற்பவர் கடலின் இயல்பைச் சொல்லும் வழக்கம் வரும்வரை, கேட்கும் பொறுப்பு வாங்குபவருடையது. இந்த மாதத்தில் இந்த வழியில் அலை எவ்வளவு உயரம் இருக்கும்? என் அறை எந்தத் தளத்தில், கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது? வழி மாறினால் என் பணம் என்னவாகும்? பணம் செலுத்துமுன் இம்மூன்று கேள்விகளையும் கேட்போம். தெளிவான விடை தருபவரிடமே சீட்டு வாங்குவோம்.