நாலு ஆடு கொடுத்தார்கள். தழைக்கு எங்கே போவது?

"ஆட்டுக்கு வெறும் புல் போதாது. பயறுவகைத் தீவனமும் மரத்தழையும் சேர்த்துக் கொடுங்கள். எடை கூடும், குட்டி சாகாது, வருமானம் பெருகும்."

கால்நடை இலாகாக்காரர்கள் தர்மபுரி ஜில்லாவில் கிராமம் கிராமமாக வந்து செய்யும் உபதேசம் இது. கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுக்கிறார்கள். வழவழப்பான தாள். அதிலே ஒரு படம்: வேலி போட்ட தோட்டம், வரிசையாகச் சூபாபுல் மரம், இடையிலே வேலிமசால், ஓரத்தில் கொழுத்த செம்மறிகள். அந்தத் தோட்டம் யாருடையது என்பதை மட்டும் பிரசுரத்தில் போடவில்லை.

நம் ஆட்களில் சிலர் இந்த உபதேசத்தையே எடுத்தெறிந்து பேசுகிறார்கள். "எங்க பாட்டன் காலத்து ஆடு கரட்டிலே மேய்ந்துதான் வளர்ந்தது" என்கிறார்கள். அது சரியல்ல. சொன்னவன் யார் என்று பார்த்து விஞ்ஞானத்தைத் தள்ளிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் விஞ்ஞானம் முழுக்க முழுக்க ஏழை பக்கம் நிற்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை. அதிலே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காய்ந்த புல்லையும் சோளத்தட்டையும் கேழ்வரகுத் தாளையும் உடைத்துச் சத்தாக்குவது அந்த நுண்ணுயிர்கள்தான். அவற்றுக்கும் கூலி கொடுத்தால்தான் வேலை நடக்கும். கூலி என்பது புரதம். தீவனத்தில் நூற்றுக்கு ஏழு பங்காவது புரதம் இல்லாவிட்டால் உள்ளே வேலைநிறுத்தம்தான்! தின்றது செரிக்காது, செரிக்காததால் ஆடு மேற்கொண்டு தின்னாது. வயிறு நிறைந்தபடியே ஆடு இளைக்கும். பங்குனி முதல் வைகாசி வரை நம் கரடுகளில் நிற்கும் காய்ந்த புல்லிலும் தட்டிலும் தாளிலும் உள்ள புரதமோ நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான்.

இப்போது கணக்குப் போடுவோம். 25, 30 கிலோ எடையுள்ள தாய் ஆடு ஒன்று நாளைக்குச் சுமார் ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும். அவ்வளவும் காய்ந்த புல்லானால் கிடைக்கும் புரதம் 40 கிராம். அதில் 300 கிராமைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் அகத்தியோ சூபாபுல்லோ கொடுத்தால், அந்தத் தழையின் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் இருப்பதால், 28 கிராமும் 60 கிராமும் சேர்ந்து 88 கிராம் ஆகிறது. ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. 300 கிராம் உலர்தழை என்றால் பச்சையாக ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. அவ்வளவுதான் விஷயம்! ஒரு கைச்சுமைத் தழை. அதைச் சினை ஆட்டுக்குக் கடைசி ஒன்றரை மாதம் தவறாமல் போட்டுவந்தால் போதும். ஐந்து மாதச் சினையில் குட்டி பெரும்பங்கு வளர்வது அப்போதுதான். பிறகு தாய்க்குப் பால் இருக்கும், குட்டி எழுந்து நிற்கும்.

பயறுவகையென்றால் அது புதுச் சரக்கும் அல்ல. நிலக்கடலைக் கொடி, கொள்ளுப் பொட்டு, துவரைப் பொட்டு, தட்டைப்பயற்றுக் கொடி எல்லாம் அந்த வகைதான். மானாவாரி நிலத்துக்கு முயல்மசால், வேலிமசால். மரங்களில் அகத்தி, வாகை, உசிலை, ஆச்சா, கொடுக்காப்புளி. தொரட்டிக் கோலால் உலுக்கி விழ வைக்கும் கருவேல், வெள்வேல் நெற்று. ஆடு மேய்க்கும் கிழவர் எவரையும் கேளுங்கள், இன்னும் பத்துப் பெயர் சொல்வார். பல்கலைக்கழகம் இதற்கு எண்ணிக்கை கொடுத்தது; அறிவை நம் ஜனங்கள்தான் முதலில் வைத்திருந்தார்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது; மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மயிர் கொட்டும், ஆடு நலியும். (ஹவாய்த் தீவின் ஆடுகளின் வயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கண்டறிந்து, 1980-களில் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்குள்ள மாடுகளுக்கு ஏற்றினார். ஒரு ஆட்டின் வயிற்றுச் சொத்தைப் பொதுச்சொத்தாக்கிய காரியம்!) பச்சைப் பயறுக்கொடியை வெறும் வயிற்றில் அள்ளிப் போட்டால் வயிறு உப்பிச் செத்துப் போகும். தழையை அரைநாள் வாடவைத்து, முன்னால் கொஞ்சம் தட்டைப் போட்டுப் பிறகு கொடுப்பதே நல்லது.

இதுவரை இலாகாவுக்கும் நமக்கும் சண்டையில்லை. சண்டை இனிமேல்தான்.

வேலி யாருடையது?

2011 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு வந்த தி.மு.க. அரசு கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்கு ஐந்தைந்து ஆடு கொடுத்தது. கொடுத்ததைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள்? நிலமில்லாதவர்களுக்கு! பிறகு அதே நிலமில்லாதவர்களிடம் வந்து, "கால் ஏக்கரில் வேலிமசால் போடுங்கள், வரப்பில் அகத்தி நடுங்கள்" என்கிறார்கள். எந்தக் கால் ஏக்கர்? யாருடைய வரப்பு? காலனியில் இருக்கும் மூன்று சென்ட் மனையில் வீடு போக மிச்சமிருப்பது ஆட்டைக் கட்டும் முளைக்குச்சிக்குத்தான் காணும்.

சேலம் ஜில்லா மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறிக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல வேலை நடக்கும் இடம். மேச்சேரி ஆட்டின் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு உண்டு. ஆனால் ஆராய்ச்சிப் பண்ணைக்கு நிலமிருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அங்கே கூடிய எடை நல்லம்பள்ளிப் பக்கத்துக் கூலிக்காரியின் ஆட்டுக்கும் தானாகக் கூடிவிடும் என்று நினைப்பது கணக்கில் பாதியை மறைப்பதாகும்.

சரி, எப்படியோ தழை தேடிப் போட்டு எடை கூட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடிய எடை யாருக்கு?

சொந்தமாக ஆடு வாங்க முடியாதவர்கள் வாரத்துக்கு வளர்க்கிறார்கள். தாய் ஆடு பணக்காரருடையது, உழைப்பு நம்முடையது, குட்டியில் ஆளுக்குப் பாதி. இதிலே தீவனம் யார் பொறுப்பு? மேய்ப்பவன் பொறுப்பு! விடியலில் எழுந்து இரண்டு மைல் நடந்து தழை ஒடித்து வந்தவள் ஒருத்தி; அந்தத் தழை தின்று கொழுத்த குட்டியில் சரிபாதியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி வாங்குகிறவன் இன்னொருவன். சத்துத் தீவனம் கொடுக்கக் கொடுக்க அவன் பங்கும் சேர்ந்து கொழுக்கிறது. வாரக் கணக்கில் தீவனச் செலவையும் தழை வெட்டும் உழைப்பையும் முதலில் கழித்துவிட்டுப் பிறகு பங்கு பிரி என்று கேட்க வேண்டாமா?

சந்தைக்கு வந்தாலோ அங்கே தராசே கிடையாது. நம் வாரச்சந்தைகளில் இன்னும் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். வியாபாரி இடுப்பெலும்பை ஒரு தடவு தடவுவான். பத்து கிலோ கறி என்பான். இரண்டு கிலோ கூடியிருக்கிறதா இல்லையா என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும், அந்த விரல் உண்மை பேசாது. எல்லாச் சந்தையிலும் உயிரெடை போடும் தராசு வைக்காமல் "எடை கூட்டுங்கள்" என்று சொல்வது, கூடிய எடையை வியாபாரிக்குத் தானம் செய்யுங்கள் என்று சொல்வதற்குச் சமானம். சந்தையை ஏலம் விட்டுச் சுங்கம் வசூலிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஒரு தராசு வாங்கத் தெரியாதா?

கடலைக் கொடி விஷயமும் இப்படித்தான். கடலை பிடுங்கிக் காய் ஆய்ந்து போடுகிற பெண்கள் மாலையில் ஆளுக்கு ஒரு கட்டுக் கொடி எடுத்து வருவது வழக்கமாக இருந்தது. இன்று கொடிக்குப் பால்மாட்டுக்காரர்களிடம் நல்ல விலை. ஆகவே சில ஊர்களில் கொடியை எண்ணிக் கட்டி அடுக்குகிறார்கள். வேறு சில ஊர்களில் "கொடி வேண்டுமானால் கூலியில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார்கள். கூலி வேறு, கொடி வேறு. கொடி பழைய உரிமை. அதைக் கூலிக்குப் பதிலாக்க ஒருபோதும் ஒப்பக் கூடாது. கரும்பு வெட்டும் ஆட்களுக்கும் இதையே சொல்கிறோம். பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு வெட்டும் கரும்பின் கொழுந்தாடை வெட்டியவனுக்குச் சேரவேண்டியது. ஆலைத் தோழர்களும் இதை அயலார் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை நின்றுபோன மாதத்தில் ஊரில் இருக்கும் குடும்பம் அடுப்பெரிப்பது எதை விற்று? ஒரு கிடாக்குட்டியை விற்றுத்தானே!

காட்டு வாசலில் பூட்டு

வரப்பும் இல்லை, தோட்டமும் இல்லை என்றால் மிச்சமிருப்பது காடு. 1882-இல் வெள்ளைக்காரன் சென்னை வனச்சட்டத்தைக் கொண்டுவந்து காட்டைத் தனக்கு எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து அனுமதிச் சீட்டு, கட்டணம், அபராதம். வெள்ளைக்காரன் போன பிறகும் சட்டம் போகவில்லை.

காட்டு இலாகாவின் கை எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஜில்லாவுக்குச் சாட்சி வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அரூர் தாலுகா வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து பாய்ந்தன. பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுங்கின, ஆடு மாடுகளும் தப்பவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளும் ஊழியர்களும் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி கோர்ட்டு, உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தழைக்கு அரிவாளோடு காட்டுக்குள் போகிற ஏழைப் பெண் வனக்காவலரைக் கண்டால் ஏன் நடுங்குகிறாள் என்று கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டவர்களுக்கு அதே ஆண்டு நவம்பரில் அடுத்த அறிவிப்பு வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு காவேரி தெற்கு சரணாலயமாயிற்று. 2014-இலேயே காவேரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த காடு ஒரு அரசாணையில் தடைக்குள் போய்விட்டது. யானைக்கு நாம் விரோதியில்லை. ஆனால் யானையைக் காட்டி ஆட்டுக்காரனை விரட்டும் அதே கை, மலையைக் குடைந்து கருங்கல் விற்பவனைக் கண்டால் ஏன் சலாம் வைக்கிறது?

சட்டம் நம் பக்கமும் இருக்கிறது; அதைச் சொல்லத்தான் ஆளில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவருக்கும் இடம்விட்டு இடம் போய் மேய்ப்பவருக்கும் அது உண்டு. சரணாலயமும் பூங்காவும் அந்தச் சட்டத்தின்படி காட்டு நிலந்தான். உரிமைக் கோரிக்கையை முதலில் எடுத்து விசாரிக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே இருந்து பிழைத்ததைக் காட்ட வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீது, அபராத ரசீது எதுவானாலும் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். தாத்தா கட்டிய அபராதம் பேரனுக்கு அத்தாட்சியாகட்டும்!

காட்டுக்கு வெளியேயும் நிலம் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி என்று கணக்கில் எழுதப்பட்ட நிலம் இருந்தது. அதில் எவ்வளவு இன்று யாருடைய மாந்தோப்புக்குள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டோம். 2011 ஜனவரியில் பஞ்சாப் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், ஊர்ப்பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் போடவேண்டும் என்று கட்டளையிட்டது. குடிசை போட்ட ஏழையை விரட்டவே இந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கிறார்கள். மேய்க்காலை வளைத்த பெரிய மனிதர் வேலிக்கு அது எட்டுவதில்லை.

ஆகவே நம் கோரிக்கை இது. மேய்க்கால் புறம்போக்கை மீட்டு, அதிலும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் அகத்தி, வாகை, உசிலை, கிளைரிசிடியா நடவேண்டும். குழி வெட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்ந்து நமக்குக் கூலியாக வரவேண்டும். அந்தத் திட்டத்துக்கு டில்லிக்காரர்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி. புறம்போக்குப் புளியமரத்துக்கு 2-சி பட்டா கொடுக்கத் தெரிந்த சர்க்கார், தழை மரத்துக்கும் அதைக் கொடுக்கட்டும். நிலமில்லாத, ஆடு வைத்திருக்கும் பெண்கள் பெயரில் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் மரம் வளர்ந்ததும் ஏலம் என்று யாரோ ஒரு குத்தகைக்காரன் வந்து நிற்பான்.

மே 1 கிராம சபைக்குப் போகும் முன் வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டைப் பார்த்து, மேய்க்கால் என்று எழுதியுள்ள சர்வே எண்களையும் பரப்பையும் குறித்துக்கொண்டு போங்கள். சபையில் எண்ணோடு பேசுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். மழை தொடங்கியதும் கிளைரிசிடியா போத்து நட்டால் பிழைக்கும். அகத்தியை விதையாகவே ஊன்றலாம். முதல் வருஷம் கன்றுகளை நம் ஆடுகளே கடித்துவிடும் என்பதால், வீட்டுக்கு ஒருநாள் என்று முறைக்காவல் போட்டுக்கொள்வதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.