மண்ணெண்ணெயும் இலுப்பெண்ணெயும்: பிக்கப் வண்டிக்கு எது பொருந்தும்?

கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டுள்ள நிலையங்கள் பலவற்றின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், சம்பளத்துக்கு அடுத்தபடியாக நிற்பது வாகனச் செலவுதான். 2021 முடிவில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்கு ஏறியது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. கிணறு கட்டவும் விதைநெல் வாங்கவும் வந்த பணம் எரிபொருள் தாங்கிக்குள் போகிறது என்று வேலைசெய்வோர் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆகவே “டீசலுக்குப் பதிலாக வேறு எதையாவது ஊற்ற முடியாதா?” என்ற கேள்வி எழுவதும் இயல்பே.

இக்கேள்வி எமக்குப் புதிதன்று. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வடபகுதி மக்கள் இதற்குத் தம் கைகளாலேயே விடை கண்டார்கள். சிறிது பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். டீசல் என்ஜின்களுக்கு மண்ணெண்ணெயுடன் சமையல் எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், முற்றுகைக்குள் இருந்த பூகன்வில் தீவு மக்கள் தேங்காய் எண்ணெயில் தம் வாகனங்களை ஓட்டினார்கள். வேறு வழியில்லாத மக்களின் மதிநுட்பம் அது, மெச்சத்தக்கது. ஆனால், பம்பில் டீசல் கிடைக்கின்ற காலத்தில், காசை மிச்சம் பிடிப்பதற்காக அதே வழியில் இறங்குவது வேறு விடயம்.

முதலில் மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்வோம். பிக்கப் வண்டிகள் பலவற்றில் உள்ள சிறிய சுழல்வகைப் பம்புக்கு, அதனுள்ளே ஓடும் டீசலே மசகு. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழுவழுப்புக் குறைந்தது. அதைத் தொடர்ந்து ஊற்றினால் பம்பின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் உள்ள பழைய நீள்வகைப் பம்புகள் பல என்ஜின் ஒயிலால் மசகிடப்படுவதால் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. லொறிக்காரர் செய்கிறாரே என்று பிக்கப் வைத்திருப்பவர் செய்யப் போனால், ஆறு மாதத்தில் மிச்சம் பிடித்ததை ஒரு நாளில் பம்ப் திருத்துபவரிடம் கொடுக்க வேண்டி வரலாம். புதிய ‘கொமன் றெயில்’ என்ஜின்களில் இதைப் பற்றிப் பேசவே கூடாது.

இயந்திரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 2022இல் டீசல் 460 ரூபா விற்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. அந்த மலிவு மின்சாரம் இல்லாத வீட்டின் குப்பி விளக்குக்காகவும், எமது கரையோரங்களில் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்காகவும் இருந்தது. அந்த எரிபொருளை வாகனத்தில் கலந்தவர்கள் யாருடைய வரிசையில் நின்று யாருடைய பங்கை எடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவானதும் கலப்பில் இருந்த இலாபம் சுருங்கியது. சுமையோ கடற்றொழிலாளர் தலையில் நின்றது. ஏழைகளுக்காக வேலை செய்கிறோம் என்று கதவில் எழுதிய வண்டி ஏழைகளின் எண்ணெயில் ஓடுவதை என்னால் ஏற்க முடியாது.

தாவர எண்ணெய் இதிலிருந்து வேறுபட்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. எண்ணெய் எரியும் என்பதில் ஐயமில்லை. அதன் தடிப்புத்தான் இடைஞ்சல். டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பானது நொசிலில் சரியாகத் தூவப்படாமல் கரியாகப் படியும், பிஸ்ரன் வளையங்களில் ஒட்டும், என்ஜின் ஒயிலில் இறங்கி அதையும் களியாக்கும். எண்ணெயை 70, 80 பாகை வரை சூடாக்கினால் இந்தத் தடிப்புப் பெருமளவு குறையும். அதற்காகவே மேல்நாட்டில் இரண்டு தாங்கிகள் பொருத்துகிறார்கள். டீசலில் ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானபின் எண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மறுபடி டீசலுக்கு வருவார்கள். பத்து மைல் போய் நின்று, இன்னும் ஐந்து மைல் போய் நிற்கும் எமது கிராமத்து ஓட்டத்துக்கு இது பொருந்தாது. என்ஜின் சூடாவதற்குள் கூட்டம் நடக்கும் இடம் வந்துவிடும்.

பாவித்த எண்ணெயை இலவசமாகப் பெறலாம் என்பதும் அங்குள்ள பெரிய உணவகங்களை நம்பிய கணக்கு. எங்கள் தேநீர்க்கடையில் எண்ணெய் எங்கே மிஞ்சுகிறது? இன்று வடை பொரித்தது நாளை ரோல்ஸுக்கு. (அதைச் சாப்பிடுகிறவர்களின் நெஞ்சைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும்.) புதுத் தேங்காய் எண்ணெயோ டீசலைவிட விலை கூடியது, அதுவுமன்றி 25 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். மெதனோலும் கோஸ்ரிக் சோடாவும் சேர்த்து எண்ணெயை உயிரி டீசலாக மாற்றும் முறை நல்லதுதான், பிலிப்பைன்ஸ் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேங்காயிலிருந்து பெற்றதை டீசலில் கலக்கிறது. ஆனால் மெதனோல் கண்ணைப் பறிக்கும் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது. அலுவலகத்தின் பின்தாழ்வாரத்தில் பீப்பாய் வைத்துச் செய்யும் வேலையல்ல இது.

காட்டாமணக்கு நட்டால் தரிசு நிலத்தில் டீசல் விளையும் என்று 2000களில் சொன்னவர்கள் பலர். இந்தியாவில் 2003இல் திட்டம் போட்டார்கள். 2017இல் நூற்றுக்கு 20 வீதக் கலப்பு என்று 2009இல் கொள்கையும் வகுத்தார்கள். அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. நீரும் பசளையும் இல்லாத நிலத்தில் அந்தச் செடியும் போதிய காய் தராது. அதன் பிண்ணாக்கை மாடு தின்னவும் முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. இலுப்பை, புன்னை, புங்கு, வேம்பு ஆகியவை எமது மண்ணின் மரங்கள். மன்னாரில் இலுப்பைக்கடவை என்று ஊரே இருக்கிறது. இவற்றின் எண்ணெயைப் பிக்கப்பில் ஊற்றாமல், மெதுவாகச் சுழலும் பழைய லிஸ்ரர் வகை நிலை என்ஜின்களில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் நின்று மணிக்கணக்காக ஓடும் என்ஜினுக்கு, தன் புகைக்குழாய்ச் சூட்டிலேயே எண்ணெயைச் சூடாக்கிக் கொடுக்க முடியும். 1990களின் இறுதியில் கர்நாடகத்தில் புங்கெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டி, கிராமத்தவர் நீர் இறைத்திருக்கிறார்கள். விதை பொறுக்கும் பெண்களுக்குக் கூலியும், வேப்பம் பிண்ணாக்கால் வயலுக்குப் பசளையும் ஊருக்குள்ளேயே தங்கும்.

பிக்கப்புக்கு டீசலே போதும், அதைக் குறைவாக ஊற்றுவோம். நொசில்களைச் சோதிப்பித்து, காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கி, ரயர்களுக்குக் காற்றை அளந்து அடித்தாலே செலவு குறையும். ஒரே பாதையில் திங்களன்று விவசாய உத்தியோகத்தரும், செவ்வாயன்று மாதர் சங்க இணைப்பாளரும், புதனன்று கணக்காளரும் தனித்தனியே போய்வருவதை நிறுத்தி ஒரு நாளில் மூவரும் போகலாம். மாதம் 1500 கிலோமீற்றர் ஓடும் வண்டி லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் 150 லீற்றர் வேண்டும். ஓட்டம் மூன்றில் ஒன்று குறைந்தால் 50 லீற்றர் மிச்சம். எந்தக் கலப்பும் இவ்வளவு மிச்சம் தரப்போவதில்லை. பத்து மைலுக்கு உட்பட்ட ஊர்களுக்கு மோட்டார் சைக்கிள் போகும், அதிலும் கிட்டிய ஊருக்குச் சைக்கிள் போகும். ஓட்டப் புத்தகத்தில் “எங்கே போனது” என்ற நிரலுக்குப் பக்கத்தில் “ஏன் போனது” என்று இன்னொரு நிரலைக் கீறி, மாத முடிவில் பணியாளர் கூட்டத்தில் அதை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.