சொல்லும் பொருளும்: தேறல் முதல் டானின் வரை

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்ற சொல் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால், அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தி, ரம், பீர்தான். திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்வது ஒயின். பிராந்தியும் ரம்மும் காய்ச்சி வடிப்பவை. கடைக்கு வைத்த பெயரே குழப்பம் என்றால், பாட்டிலில் உள்ள சொற்கள் எப்படிப் புரியும்?

இத்தனைக்கும் ஒயின் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 'யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பருகி வாழ்க' என்ற பொருளில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். இது புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. ஒயின் வந்த மத்தியதரைக்கடல் நாட்டு மண்சாடிகளின் துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

அந்த வணிகத்தின் தங்கச் சாட்சி புதுக்கோட்டைச் சீமையில் இருந்தது. 1898-இல் ஆலங்குடி அருகே கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ காலத்துக் காசுகள் அவற்றில் உண்டு. பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின் மேல் வெட்டுக்குறி!

இனி சொற்களுக்கு வருவோம்.

தேறல்: தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடியில் தங்க, தெளிந்ததை மட்டும் வேறு குடுவைக்கு மெல்ல ஊற்றுவதை இன்று 'டிகான்ட்' என்கிறார்கள்.

டானின்: திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு. நாவல்பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுதான்.

பாடி: வாயில் உணரும் கனம். நீர்மோருக்கும் கெட்டிமோருக்கும் உள்ள வித்தியாசம் போல.

வின்டேஜ்: 'ரொம்பப் பழசு' என்று பொருளல்ல. அந்தத் திராட்சையை அறுவடை செய்த ஆண்டு.

ட்ரை: இனிப்பு இல்லாதது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாக மாற்றிவிட்டது என்று அர்த்தம். 'சர்க்கரை இல்லையே, உடம்புக்கு நல்லது' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் கணக்கு பனையேறிகளுக்கு அத்துப்படி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பாளைச் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் சர்க்கரை ஆல்கஹாலாகும், அது கள். ஒரே மரம், ஒரே சாறு. நடுவில் ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, பதநீருக்கு இல்லை.

ஒயினைப் 'பழச்சாறுதானே' என்று விருந்தில் நீட்டுபவர்கள் உண்டு. அதில் 12 முதல் 14 சதவீதம் வரை ஆல்கஹால் இருப்பது சாதாரணம். வழக்கமான பீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை' என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் தேறலோ, ஒயினோ... கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா என்று கேட்பதே புத்திசாலித்தனம்!